“ஊரில எவடம்?”

1

ஜெர்மனியில், வுப்பர்டாலில் நான் மொழிபெயர்ப்பாளராக, இங்குள்ளவர்கள் சொல்வதுபோல் டொல்மெச்சராக, போன முதல் நாள். நெஞ்சுவலியோடு வந்த ஒரு ஐயா. டொக்டர் எதிரே நிற்கிறார். ஐயா என்னைத்தான் பார்க்கிறார்.

“பிள்ளை, ஊரில எவடம்?”

ஊரின் பெயரைச் சொன்னேன்.

“ஆற்றை மகள்?”

அப்பாவின் பெயரையும் சொன்னேன். “அப்ப சரி” என்று சேர்ட்டைக் கழற்றினார்.

அகதியாக வந்த சனத்துக்கு அந்தக் கேள்வி பாதி மருந்து. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். யாரைக் கண்டாலும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

2

பிறகு ஜெர்மனில் பேசினால் தமிழில் சொல்லும் கைபேசி வந்தது. செய்தி வாசிப்பதுபோல் அது பேசும் தமிழைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வரும் அழைப்புகள் குறைந்துவிட்டன. கைபேசி பழகாதவர்களுக்கு அவரவர் பிள்ளைகள் கூடப் போகிறார்கள். என் மகன் தூரத்தில் எர்லாங்கனில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனில் செய்தி அனுப்புவான். தமிழில் ஒரு வார்த்தையும் பேசாமல் போகும் நாட்கள் எனக்கு உண்டு.

3

போன மாரியில் ஒரு பெண்கள் மருத்துவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஆசையோடு ஓடினேன். கலியாணமாகி இங்கே வந்து கொஞ்சக் காலமேயான பெண் காத்திருந்தாள். வழக்கம்போல் ஊரைக் கேட்டேன், இங்கே யார் வீட்டு மருமகள் என்றும் கேட்டேன்.

“அட, உங்கட மாமி என்ர சிநேகிதியெல்லோ! வெள்ளிக்கிழமையில கோயிலில காணுறனான்.”

அவள் முகம் செத்துவிட்டது. குளிர் ஜாக்கெட்டை எடுத்தாள்.

“நான் போறன் அக்கா. இண்டைக்கு வேண்டாம்.”

“டொக்டரைக் காண இந்த டெர்மின் கிடைக்க எவ்வளவு பாடு! நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“சொல்லமாட்டியள். ஆனா மாமியைக் காணேக்கை உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமெல்லோ.”

வாயை மூடுவது என் தொழில். தெரிந்ததைத் தெரியாததாக்க எனக்கு ஏலாது. உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் வாசலைப் பார்த்தாள்.

“ஃபோனை எடுத்துக்கொண்டு போங்கோ,” என்றேன். “அதுக்கு உங்கட மாமியைத் தெரியாது.”

 அவள் ஜாக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு டொக்டரின் கதவுக்கு வெளியே நான் இருந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே அந்தச் செய்தி வாசிக்கும் குரல் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. எழும்பிப் போயிருக்கலாம், போகவில்லை.

வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. நல்ல செய்தியா கெட்ட செய்தியா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“போகேல்லையே அக்கா?”

“இல்லை. சும்மா இருந்தனான்.”

“நன்றி,” என்றாள்.

தொங்கு ரயில் நிலையம்வரை ஒன்றாக நடந்தோம். ரயில் வந்தது. அவள் ஏறினாள். நான் அடுத்ததில் போனேன்.

இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பெயரைக் கேளுங்கள், நோயைக் கேளுங்கள், ஊரைக் கேட்காதீர்கள். நானும் இப்போது கேட்பதில்லை.

என்னிடம் மட்டும் யாராவது கேட்கலாம். எவடம் என்று சொல்லிக் கனகாலமாகிவிட்டது.