பல் டாக்டரின் கோட்டில் குத்திய சொல்

கடைத்தெருக் கோடியில் இருக்கும் லாண்டரியின் இளையவள், கூடாது முடியாது என்றவர்களிடமிருந்து வென்றவை இவை: அக்கா யாரையும் தொடவிடாத நீராவி இஸ்திரிப் பெட்டி, கால்மிதியாகத்தான் ஆகும் என்று எல்லாரும் கைவிட்ட வெள்ளைப் பட்டிலிருந்து மைக்கறை, "டேய்" என்றே பழகிய அப்பாவின் வாயிலிருந்து ஒரு "அம்மாடி", அப்புறம், பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவுப் பொறுப்பு. இந்தக் கடைசி வெற்றி மட்டும் மயிரிழையில்தான் கைக்கு வந்தது. கெடுக்கப் பார்த்தது விரோதி யாருமில்லை, சொந்த அக்காதான்.

அக்காவுக்குப் படிப்பு கொஞ்சம், ஒழுங்கு அதிகம். கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் ஊக்கால் ஒரு சீட்டுக் குத்துவாள். "கறை", "பட்டன் இல்லை", "சாயம் போகும்" என்று அதில் அவள் எழுதியதுதான் சட்டம். சீட்டு இல்லாத துணி தொலைந்துபோகும் என்பது அவள் மதம். வீட்டில் உப்பு ஜாடிக்கும் சீட்டு உண்டு, உள்ளே உப்பு இருப்பது எல்லாருக்கும் தெரிந்தும்.

தங்கை பிறந்தபோது எல்லாரும் தம்பி என்றார்கள். வளர்ந்தபின் அவள், தான் பெண் என்று சொன்னாள். அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "அப்ப நான் மட்டும் மாறல, எப்பவும் போல அக்காதான்" என்று நிம்மதியானாள். ஊர் அவ்வளவு சுலபமாக இல்லை. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் தங்கையை மேலும் கீழும் பார்த்து, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே அவள் விண்ணப்பித்திருந்த பெரிய ஓட்டலிலிருந்து, மேனேஜரே கடைக்கு வந்து அவள் வேலைத்திறனைப் பார்ப்பார் என்று தகவல் வந்ததும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அங்கே பல தேசத்து விருந்தாளிகள் தங்குவார்கள்; தங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்த வில்லையைச் சட்டையில் அணிந்தவர்களும் வருவார்கள்; பணியாளர்களுக்கு அதெல்லாம் புரிந்திருக்க வேண்டுமாம். தங்கைக்குப் புரியும். எடுத்துச் சொல்லிப் பழக ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்கா கிடைத்தாள்.

டிரான்ஸ் என்றால், பிறந்தபோது மற்றவர்கள் சொன்னது ஒன்று, தான் உள்ளுக்குள் அறிந்தது வேறு என்று விளக்கினாள் தங்கை. சிஸ் என்றால் இரண்டும் ஒன்றேதான். நான்பைனரி என்றால், ஆண் பெண் என்ற இரண்டு அறைகளில் எதிலும் முழுசாக அடங்காதவர். அப்படிப்பட்டவர்களில் சிலர் ஒரே ஆளாக இருந்தாலும் தங்களை ஆங்கிலத்தில் 'தே', அதாவது 'அவர்கள்', என்று சொல்லச் சொல்வார்கள். அக்கா இதை மட்டும் உடனே பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கடைக்கார அம்மா ஒருத்திதான் என்றாலும் "அவங்க வந்தாங்க" என்றுதானே சொல்கிறோம், இதில் என்ன அதிசயம் என்றாள்.

மற்றவை மண்டையில் நிற்கவில்லை. மேனேஜர் தன்னிடம் கேட்டுவிட்டால் தங்கையின் மானம் போகுமே என்று அக்காவுக்குக் கவலை. எது நிற்காவிட்டாலும் ஊக்குப் போட்டால் நிற்கும். தங்கை சோப்பு வாங்கப் போன நேரத்தில், அலமாரியிலிருந்த ஒவ்வொரு மூட்டையையும் எடுத்து, வாடிக்கையாளரின் முகத்தை மனதில் நிறுத்தி, பொருத்தமாகத் தோன்றிய சொல்லை எழுதிக் குத்தினாள். பல் டாக்டருக்கு "சிஸ்". ரோஜா நிறச் சட்டை போடும் ஜிம் மாஸ்டருக்கு "நான்பைனரி", பக்கத்தில் நேர்மையாக ஒரு கேள்விக்குறி.

மறுநாள் காலை மேனேஜர் அம்மா உள்ளே நுழையவும், முந்தின சாயங்காலம் அக்காவிடம் துணி வாங்கிப்போன பல் டாக்டர் கோட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரவும் சரியாக இருந்தது.

"புதுக் கோட்டும்மா இது. இதுக்கு எப்படி சிஸ் வந்துச்சு? துவைச்சா போயிடுமா?"

அவர் பின்னாலேயே ஜிம் மாஸ்டர் வந்தார். அவருக்குக் கோபமில்லை, கேள்விக்குறிதான் உறுத்தியதாம். பாதி வெளுத்துப் பாதி வெளுக்காமல் கொடுத்துவிட்டார்களோ என்று சட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

இந்த வேலையும் போயிற்று என்று அக்கா மீதி மூட்டைகளின் சீட்டுகளை அவசரமாகக் கழற்றத் தொடங்கினாள். ஆனால் தங்கை டாக்டரின் கோட்டை வாங்கி, ஊக்கைக் கழற்றி, அது கறையுமல்ல நோயுமல்ல, உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அப்படித்தான் என்று பொருள் சொன்னாள். டாக்டர், "அப்ப ஊரோட ஒத்துத்தான் இருக்கேன்" என்று சமாதானமானார். ஜிம் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டாள். சட்டையின் நிறத்தை வைத்து யாரையும் கணிக்கக்கூடாது என்றாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள்.

"அக்கா, துணிக்கு நாம சீட்டு குத்தலாம். இந்தச் சீட்ட அவங்கவங்கதான் குத்திக்கணும். குத்தாமலும் இருக்கலாம்."

மேனேஜர் அம்மா அக்காவைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"நான் சிஸ்ஸுங்க. இவளோட அக்கா."

"அப்ப இவங்க?"

அக்காவின் நாக்கு நுனிவரை பதில் வந்தது. விழுங்கினாள். "அதை அவகிட்டயே கேளுங்க."

"டிரான்ஸ் பொண்ணு மேடம்," என்றாள் தங்கை. "வெறும் பொண்ணுன்னாலும் சரிதான். உங்க முந்தானையில காபி சிந்தியிருக்கு, காயறதுக்குள்ள குடுத்தா எடுத்துடலாம்."

மேனேஜர் குனிந்து பார்த்தார். கறை இருந்தது. கொஞ்ச நேரத்தில் இல்லை. எப்போது வேலையில் சேர முடியும் என்று கேட்டார்.

சேரும் நாளில் அக்கா ஓட்டலுக்குத் துணைக்குப் போனாள். புதிய பெயரைத் தங்கை அதுவரை எங்கும் கையெழுத்தாகப் போட்டதில்லை. சட்டை மடிக்கும் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்ததோடு சரி. ஓட்டலின் வருகைப் பதிவேட்டில் அவள் பேனாவை வைத்தபோது அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுத்துகளின் புள்ளிகளெல்லாம் இடத்தில் இருந்தன. பழக்கத்தில் கையோடு கொண்டுவந்திருந்த ஊக்கை மெல்லத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தேதிக் கட்டத்தில் தங்கை எழுதியதை வாய்விட்டுப் படித்தாள்: 2023 ஜூன் 14, புதன்கிழமை.