டொலேடோவில் அடைத்திருந்த மிட்டாய்க் கடை

டவுணில் அந்த அல்வாக் கடை சாயங்காலம்தான் திறக்கும். நாலரைக்கே போய் வரிசையில் நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் எங்கள் தெரு ஜவுளிக்கடை அண்ணாச்சியும் மதினியும். மகனைப் பார்க்க ஸ்பெயினுக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பியிருக்கிறார்கள். டொலேடோ என்ற பழைய ஊரையும் பார்த்தார்களாம்.

அடுத்த மாதம் நானும் அங்கே போகிறேன். "ஊர் எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

"அதெல்லாம் ஒரு ஊரா வே? மத்தியானம் கடைய அடைச்சிட்டு உறங்கப் போயிருதானுவ. பாதாம் மிட்டாய் வாங்க மூணு மணி நேரம் வாசல்லயே நின்னேன்."

மதினி குறுக்கிட்டார். "அருமையான ஊரு தம்பி. மூணு பக்கமும் ஆறு. சந்து சந்தா நடந்து கோட்டை, சர்ச் எல்லாம் பாத்தேன். இவுகதான் கடைவாசல விட்டு நகரவே இல்ல."

"இங்கயும் அடைச்ச கடை முன்னாலதான நிக்கோம், அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணாச்சி முறைத்தார். "அவனுவ சோம்பேறி வே. இவன் பக்குவம் பாத்துக் கிண்டுதான்."

டொலேடோ போய்வந்த நண்பர்களே, கோட்டையைப் பற்றியெல்லாம் எழுத வேண்டாம். அந்த மிட்டாய்க் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், அதை மட்டும் சொல்லுங்கள்.