இரண்டு பாட்டரி லோரியில் கூலாயிலிருந்து கப்பல்துறை வரை

சென்ற கார்த்திகைக் கடைசியில், கூலாய்க்கு நான்கு மைல் தள்ளியுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து பதினெட்டுப் பேரை லோரியில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்க் கப்பல்துறைக்குப் போனேன். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆளைக் குறைத்தார்கள். குறைப்புப் பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு இந்தியாவுக்குத் திரும்ப இலவசக் கப்பல் சீட்டு. அந்தப் பதினெட்டுப் பேரில் என் மகள் பாக்கியமும், மருமகன் வேலுவும், மூன்று வயதுப் பேத்தியும் உண்டு. என் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க லோரி ஓட்டுகிறவன் ஒருவன் வேண்டுமே.

மழைக்காலத்தில் அந்த வழியே லோரியில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். பிழை கண்டால் என் வாத்தியாரைத் திட்டுங்கள், அவருக்கு அது பழக்கம்தான்.

முதலில் பாட்டரிக் கதை. ஐப்பசியில் முதல் கூட்டத்தை ஏற்றிப் போனபோது, மழையில் விளக்கைப் போட்டபடி வழியில் ஸ்கூடாயில் நிறுத்தினேன். விளக்கு பாட்டரியைக் குடித்துவிட்டது. எங்கள் லோரிக்குத் தீப்பொறியும் பாட்டரியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே முன்னால் இரும்புத் தண்டு போட்டுச் சுற்றிச் சுற்றி என் தொந்தி குறைந்ததே தவிர இஞ்சின் அசையவில்லை. அன்று ஆட்கள் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது யாரோ ஒரு சீனர் லோரியின் தயவால். மறுநாள் தோட்டத்துத் துரை சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி நடந்தால், அடுத்த பட்டியலில் உன் பெயர்."

அதனால்தான் இரண்டாவது பாட்டரி வைத்தேன். புதிது வாங்க வழியில்லை. கூலாய்ப் பட்டறையில் பழையது ஒன்று ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. அதை மரப்பெட்டிக்குள் வைத்து, ஆடாமல் வாரால் இறுக்கி, ஆவி போகப் பெட்டியில் துளையிட்டு, இருக்கைக்குப் பின்னால் பொருத்தினேன். விளக்குக் கம்பிகளை எல்லாம் அதற்கு மாற்றினேன். ஸ்டார்ட்டரும் தீப்பொறியும் பழையபடி முதல் பாட்டரியிலேயே. இரண்டுக்கும் நடுவே ஒரு கத்திச் சுவிட்ச். அதன் கைப்பிடியைக் கீழே அழுத்தினால் இரண்டும் சேரும், ஓடும்போது டைனமோ இரண்டையும் நிரப்பும். வண்டி நின்றதும் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டால், விளக்கு எவ்வளவு எரிந்தாலும் முதல் பாட்டரி தப்பிக்கும்.

முதல் முறை பியூஸ் வைக்காமல் கட்டினேன். கம்பி லோரிச் சட்டத்தில் உரசி அதன் மேலுறை கிழிந்து, புகை கிளம்பி, எட்டிப் பார்த்த என் மீசையில் பாதியை வாங்கிக்கொண்டு போனது. மீதிப் பாதியை மனைவி சொல்லி நானே எடுத்துவிட்டேன். இரண்டாம் முறை கட்டும்போது பாக்கியம் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்தாள். "தூக்குனா வெட்டு, அழுத்துனா ஒட்டு. இவ்வளவுதானேப்பா? இதுக்கா மீசைய குடுத்தீங்க?" என்றாள். அப்போது அவள் பெயர் பட்டியலில் வரவில்லை.

பயணத்தன்று காலை பதினொரு மணிக்குக் கிளம்பினோம். மாலை ஆறு மணிக்குள் கப்பல்துறை வாசலில் நிற்கவேண்டும், தவறினால் சீட்டு போச்சு என்று தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இரண்டு தடவை சொன்னார். மொத்தம் நாற்பது மைல், மூன்று மணி நேரம் தாராளம். கூலாய் தாண்டியதும் மழை பிடித்தது. சாக்குத் திரைக்குள்ளிருந்து வேலு கத்தினான்: "மாமா, லோரிக்கு ரெண்டு பாட்டரி. எங்களுக்கு ஒரு வேல கூட இல்ல. இது என்னா நியாயம்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

செனாய் தாண்டி, ஸ்கூடாய்க்கு ஒரு மைல் இருக்கையில் சாலையில் வெள்ளம். மணி பன்னிரண்டரை. சாலை வேலை செய்யும் மலாய்க்காரர் ஒருவர் கம்பை ஊன்றி ஆழம் பார்த்துவிட்டு, "துங்கு டூலு, லா" என்று கை காட்டினார். பொறுக்கச் சொல்கிறார். இஞ்சினை நிறுத்தினேன். மழை இருட்டில் பின்னால் வருகிறவன் மோதாமலிருக்க விளக்கை அணைக்கவில்லை. சுவிட்சின் கைப்பிடியை என் கை தானாகவே தூக்கிவிட்டது. பழக்கம்.

பின்னால் ஒழுகுகிறது என்று பாக்கியம் பிள்ளையோடு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை என் மடியில் தூங்கிப்போனது.

"ஏம்ப்பா, இந்த லோரி எத்தன தடவ மக்கர் பண்ணிருக்கு?"

"எண்ண முடியாதும்மா."

"இன்னிக்கு ஒரு தடவ பண்ணுனா என்னா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் வெளியே வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பிடியைக் கீழே அழுத்தினேன். நான்கு விளக்கும் எரிகின்றன, பழைய பாட்டரி வேறு நல்லதையும் சேர்த்து உறிஞ்சும். இரண்டு மணி நேரம் போதும், லோரி கிளம்பாது. துரை என்னையும் பட்டியலில் போடட்டும், அடுத்த கப்பலுக்கு எல்லாரும் சேர்ந்து காசு கட்டியாவது போவோம் என்று ஏதோ கணக்கு. பின்னால் இருக்கும் மற்ற பதினைந்து பேரை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். பாக்கியம் திரும்பினாள். சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை நீட்டிக் கைப்பிடியைத் தூக்கிவிட்டாள்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேம்ப்பா. தோட்டத்து லயத்துல எங்க ரூம காலைலயே பூட்டிட்டாங்க. சட்டி பானையெல்லாம் பக்கத்து வீட்டுல குடுத்தாச்சு. திரும்பிப் போயி எங்க நிக்கிறது? பின்னால இருக்கறவங்க எங்க நிப்பாங்க?"

பிள்ளை நனையாமல் துண்டை இழுத்துவிட்டேன்.

மூன்றரைக்கு மலாய்க்காரர் கை அசைத்தார். ஸ்டார்ட்டரை மிதித்தேன். ஒரே மிதி. அந்த லோரி அவ்வளவு நன்றாக அதற்கு முன் கிளம்பியதில்லை. பின்னாலிருந்து, "அண்ணே, நீங்க கைகாரர்தான்!" என்று யாரோ கைதட்டினார்கள். நாலேகாலுக்கு ஜொகூர் பாரு. பாலத்தில் சோதனைக்கு இருபது நிமிடம். ஐந்தரைக்குக் கப்பல்துறை வாசல். வேலு என் காலைத் தொட்டான். பாக்கியம் தொடவில்லை. "கைப்பிடிய தூக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துரைக்கு மிகுந்த சந்தோஷம். தையில் அடுத்த பட்டியலையும் நானே கொண்டுபோகவேண்டும் என்றார்.

இனி, போகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் செனாய்க்கும் ஸ்கூடாய்க்கும் நடுவே மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருந்தால் சோறு கட்டிக்கொள்ளுங்கள், வழியில் ஒன்றும் கிடைக்காது. பாட்டரி கட்டுகிறவர்கள் கூட்டல் முனையைக் கூட்டலோடு மட்டும் சேருங்கள், இரண்டும் ஒரே வோல்ட்டாக இருக்கட்டும். இரண்டு பாட்டரிகளையும் சேர்க்கும் கம்பியில், முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இரு பக்கமும் பியூஸ் வையுங்கள். விளக்குக் கம்பிக்கும் ஒன்று. கம்பி சட்டத்தைக் கடக்கும் இடத்தில் ரப்பர்க் குழாய் மாட்டுங்கள். ரப்பர் இப்போது மலிவுதான். கையில் மோதிரத்தோடு வேலை செய்யாதீர்கள். முடிந்தால் புதியதோடு பழையதைச் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி நின்றதும் கைப்பிடியைத் தூக்குவது. மறந்தால் தூக்கிவிட எனக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. தை மாதப் பயணத்தில் நானேதான் தூக்கவேண்டும்.