ஆர்டிஸின் கேரவனும் அட்டைப்பெட்டியும்

ஆர்டிஸ் நைக்விஸ்டைப் பார்த்து இந்தக் குளிர்காலத்தில் அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது வந்து சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தெற்கே வெயில் ஊரான யூமாவில் எங்கள் குளிர்காலக் கேரவன் முகாமில் எனக்கு அடுத்த இடம் அந்தம்மாவுடையது. எழுபத்தொரு வயது. வடக்கே பனி கொட்டும் மின்னசோட்டாவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கணவர் போனதும் வீட்டை விற்று, டிரக்கில் இழுத்துச் செல்கிற பெரிய கேரவன் ஒன்றைப் புதிதாக வாங்கி அதிலேயே குடியேறிவிட்டார். அவருக்கு வேறு வீடு கிடையாது.

பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்கள் காலையில் வண்டியை ஒரு சுற்று சுற்றி, பார்த்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். ஓய்வு பெற்றும் அந்தம்மா அதை விடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு கேரவனைச் சுற்றி வருவார். டயர், விளக்கு, கேஸ் எல்லாம் பார்த்துவிட்டு, ஏணி வைத்து, மழைத்தண்ணீர் இறங்காமல் கூரையோரத்தில் பூசியிருக்கும் பசையையும் தடவிப் பார்ப்பார். வண்டியோ மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"அக்கா, வண்டி இங்கதான் இருக்கு. ராத்திரி எங்கயும் ஓடிப் போகல" என்பேன்.

"ஓடிப் போயிருந்தா அதையும் எழுதுவேன், ஹார்லன். நீ போய்க் காப்பி குடி."

ஜனவரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அந்தக் கேரவனில் பொத்தானை அழுத்தினால் சோபாவோடு ஒரு பக்கச் சுவரே வெளியே நகர்ந்து கூடம் பெரிதாகும். நகர்கிற அந்தப் பகுதியின் பின்மூலையில் தண்ணீர் இறங்கிவிட்டது. பிப்ரவரியில் தரை காலுக்கடியில் மெத்துமெத்தென்று அமுங்க ஆரம்பித்தது. வாரண்டி மார்ச் முதல் தேதியோடு சரி. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

வண்டி செய்த கம்பெனிக்காரர்கள், "எங்க டீலர் யார்கிட்ட வேணா காட்டலாம் மேடம்" என்றார்கள். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? அந்தம்மா பக்கத்திலிருந்த மூன்று டீலர்களைப் போனில் கூப்பிட்டார். மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்.

"வண்டி எங்க வாங்கினீங்க?"

"மின்னசோட்டால."

"அப்படியா. எங்ககிட்ட வாங்கினவங்களே வரிசைல நிக்கறாங்க. ஜூன்ல கூப்பிடுங்க."

விற்ற டீலர் சொந்த ஊர்க்காரர். அவருடைய இரண்டு பெண்களையும் பள்ளிக்கு ஏற்றிப் போனவர் இந்தம்மா; அந்தப் பாசத்தில்தான் அங்கே வாங்கினார். அந்த மனுஷன், "இங்க கொண்டு வாங்க ஆர்டிஸ், உடனே முடிச்சுத் தர்றேன்" என்றாராம். ஏறத்தாழ இரண்டாயிரம் மைல், வழியெல்லாம் பனி, அதுவும் தரை உளுத்த வண்டியை இழுத்துக்கொண்டு. நல்ல பாசம்.

நாலு மணிக்கு அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டமாக உட்கார்வது எங்கள் முகாம் வழக்கம். அன்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

"நாளைக்கு நேர்ல போவோம் அக்கா. நான் மேஜையத் தட்டிக் கேக்கறேன்."

"வா. ஆனா வாயத் திறக்காத" என்றார்.

மறுநாள் கேரவனை அவரே இழுத்துவந்து, அந்த மூன்று டீலர்களில் ஒருவரின் முற்றத்தில் ஒரே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்தினார். பழுது பார்க்கும் பிரிவின் மேலாளர் ஃபிகெரோவா, களைத்த முகத்தோடு வெளியே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வேற எடத்துல வாங்கின வண்டிய நான் தொடறதில்ல. போன வருஷம் ஒருத்தருக்கு எரக்கப்பட்டு இதே மாதிரி ஒழுகலச் சரி பண்ணேன். கம்பெனிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'சொந்தக்காரர் கூரைப் பசைய ஒழுங்கா பாத்துக்கல, அதனால இது வாரண்டில வராது'ன்னுட்டான். கூலி தரல. நாலு நாள் வேல தண்டம். பசைய யாரும்மா பாக்கறாங்க? ஒருத்தரக் காட்டுங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். டிரக்கிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, உள்ளே போய் அவர் மேஜைமேல் வைத்தார்.

ஃபிகெரோவா பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிறகு இன்னொன்று. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு காலைகூட விடவில்லை. முந்நூற்றைம்பதுக்கு மேல் தாள்கள். ஒவ்வொன்றிலும் பதினான்காவது வரி: கூரைப் பசை.

"இதெல்லாம் யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாக ஒரு ஆளுக்காகக் காத்திருந்தவர் சிரிப்பு. வெளியே போய் வண்டியின் பின்மூலையைப் பார்த்துவிட்டு வந்து, கம்பெனிக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். மறுமுனையில் ஒரு இளம் குரல், மனப்பாடமாக ஆரம்பித்தது.

"மன்னிக்கணும் சார், ஒழுகல் பொதுவா சொந்தக்காரர் பராமரிக்காததால—"

"மார்ச் ரெண்டு" என்று ஃபிகெரோவா வாசித்தார். "காலை ஆறு பத்து. கூரைப் பசை பாத்தாச்சு, விரிசல் இல்ல. கையெழுத்து, ஆர்டிஸ் நைக்விஸ்ட். மார்ச் மூணு. காலை ஆறு அஞ்சு. கூரைப் பசை பாத்தாச்சு—"

"சார், ஒரு நிமிஷம்—"

"மார்ச் நாலு. ஆலங்கட்டி மழை. நின்னதும் ஏறிப் பாத்தாச்சு."

மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். ஃபிகெரோவா நிறுத்தவில்லை. ஏப்ரல் பாதி வரை வந்துவிட்டார். ஒருத்தன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"சார், போதும். ஒழுகல் எப்ப தெரிஞ்சது, அத மட்டும் சொல்லுங்க."

"ஜனவரி ஒம்பது. பின்மூலைல தண்ணி தடுக்கற ரப்பர் நகக்கண் அளவு விலகியிருக்கு. அது வண்டி செஞ்சப்பவே குட்டையா வெட்டின ரப்பர். அன்னிக்குக் காலை ஒம்பதே காலுக்கு உங்க ஆபீசுக்குத் தகவல் சொன்னாங்க. யார்கிட்ட சொன்னாங்கன்னு பேரும் இருக்கு. வாசிக்கவா?"

மறுமுனையில் படபடவென்று தட்டச்சடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வேலைக்கு அனுமதி எண் வந்தது. தரை, ரப்பர், கூலி எல்லாம் வாரண்டியில்.

வாசலில் கைதட்டல் எழுந்தது. நான் வாயைத் திறக்காமலே மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டேன்.

"ஆனா வண்டிய விட்டுட்டுப் போக எனக்கு வேற எடமில்ல" என்றார் அந்தம்மா.

"எதுக்குப் போறீங்க? முற்றத்துல கரண்ட் இருக்கு. இங்கயே தங்குங்க. நாளைக்கு முதல் வேல உங்களுதுதான்" என்றார் ஃபிகெரோவா.

நாலாம் நாள் நான் மறுபடி போனபோது அந்த மூலையில் அரை மணி நேரம் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. புதுத் தரையில் அந்தம்மா குதிகாலால் நாலு முறை ஓங்கி மிதித்தார். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் செய்த வேலையையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மெக்கானிக்குகள் பரீட்சை எழுதினவர்கள் மாதிரி நின்றார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. ஃபிகெரோவா வெற்றுத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இனி தன்னிடம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்போகிறாராம்.

திரும்பும் வழியில் லெட்டூஸ் கீரை வயலைத் தாண்டும்போது அந்தம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்கள் ஈரமாக இருந்தன.

"முப்பத்தொரு வருஷம் எழுதிக் குடுத்தேன், ஹார்லன். ஸ்கூல் ஆபீஸ்ல வாங்கி அலமாரில போட்டுடுவாங்க. ஒருத்தர்கூட ஒரு வரி வாசிச்சதில்ல. ஃபிகெரோவா வாசிச்ச குரல் இன்னும் காதுலயே இருக்கு."

எனக்குக் கிண்டல் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காப்பியோடு வெளியே போய் நின்றேன். அந்தம்மா ஏணியிலிருந்து இறங்கி எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்கீங்க அக்கா? கொஞ்சம் வாசிங்க."

கேலி செய்கிறேனா என்று என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.