இருபத்தேழு வருடம் முழுசாக இருந்த சட்டை

அந்த வேட்டைக் குடிலின் சுவரில் அறுபத்து மூன்று துணித்துண்டுகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். எல்லாமே சட்டையின் பின்பக்கத்திலிருந்து வெட்டியவை. மானுக்குக் குறி வைத்துத் தவறவிட்டவர் அன்று மதியமே எல்லோருக்கும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒருவர் கத்தரியை எடுப்பார். துண்டின்மேல் பெயரும் வருடமும் எழுதிச் சுவரில் அறைந்துவிடுவார்கள். பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில் இதற்கு அப்பீல் கிடையாது.

மெர்வினுக்கு அந்தச் சுவரில் ஐந்து துண்டுகள். குடிலின் தலைவரான அவன் அண்ணன் டெல்மருக்கு ஏழு. எட்டாவதை அடுப்பில் போட்டுவிட்டான் என்று ஒரு பேச்சும் உண்டு. மெர்வினின் மனைவி ஆர்லீன் ஹாக்கன்பெரிக்கு ஒன்றுகூட இல்லை. முதல் வருடம் டெல்மர் அவளைச் சமைக்கத்தான் சேர்த்துக்கொண்டான். அவள் முதல் நாளே எட்டுக் கிளைக் கொம்பு மானை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். அதன் பிறகு முறை வைத்துத்தான் சமையல். அன்று அவள் போட்டிருந்த சிவப்பு கறுப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டைதான் இன்றைக்கும். முழங்கையில் மூன்று ஒட்டு. பின்பக்கம் மட்டும் புதுசு மாதிரி முழுசாக இருந்தது. அந்தச் சட்டையில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆணியும் பெயிண்டும் நாய்த்தீனியும் விற்கும் ஊர்க் கடையில், பின்மூலையிலிருந்த துப்பாக்கி மேசையில் ஆர்லீன் இருபத்தொன்பது வருடம் நின்றாள். பெட்டியில் வரும் துப்பாக்கி எதையும் அவள் அப்படியே அலமாரியில் வைத்ததில்லை. முதலில் கண்ணை மூடிக்கொண்டு, விசையடியில் தோட்டாவை ஏற்றுகிற லீவரை இறக்கி ஏற்றுவாள். எங்கே கரகரக்கிறது என்று கேட்பாள். மரக்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவாள். கடைசியில் எதிர்ச் சன்னல் சட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, குழல் நுனியிலிருக்கும் குறிமுனை செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பாள்.

ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ திருப்பி அனுப்பினாள். கடைசி வருடங்களில் கதையே வேறு. மரம் இரும்பைவிட்டுத் தூக்கி நிற்கும். உள்ளே இரும்புத்தூள் கிடக்கும். தோட்டா நுழைக்கும் வாய் விரலைக் கிழிக்கும்.

“இந்த வாரம் எத்தனை திரும்புது, ஆர்லீன்?” என்று சாமான் வண்டிக்காரர் கேட்பார்.

“பத்து வந்துச்சு. நாலு போகுது.”

“கொஞ்சம் விட்டுக் கொடுத்தாத்தான் என்ன?”

“நான் விட்டுக் கொடுப்பேன். மான் கொடுக்குமா?”

பழசெல்லாம் தங்கம் என்று சொல்கிற ஆள் அல்ல அவள். “அந்தக் காலத்துலயும் தொழிற்சாலையில கோணலா செஞ்சாங்க. ஆனா வெளிய போறதுக்கு முன்னாடி கடைசி மேசையில ஒருத்தர் எடுத்துப் பாத்தாங்க. இப்போ அந்த நாற்காலி காலி. அவங்க செய்ய வேண்டிய வேலையத்தான், அவங்க சம்பளம் இல்லாம, நான் இங்க செய்யுறேன்” என்பாள்.

வேலையிலிருந்து அவள் விடைபெற்ற நாளில் கடையில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு புதுத் துப்பாக்கியே பரிசாகக் கொடுத்தார்கள். அந்தக் கோடையில்தான் தன் பழைய துப்பாக்கியை ஐடஹோவிலிருந்த மகளுக்குக் கொடுத்திருந்தாள். அதைத் தெரிந்துகொண்டு இதைத் தேர்ந்தெடுத்தவன் நெவின். கடையின் பெயிண்ட் பகுதியில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறவன், அதே குடிலில் வேட்டையாடுகிறவன். அவன் பெட்டியைத் திறந்தபோது, பழக்கதோஷத்தில் ஆர்லீனின் நகம் மரத்தின் ஓரத்தில் ஓடியது. தடுக்கியது. நிமிர்ந்து நெவினின் முகத்தைப் பார்த்தாள். பிறந்தநாள் கேக்கை நீட்டுகிற பிள்ளைபோல நின்றான்.

“ரொம்ப நல்லாருக்கு, நெவின்” என்று சொல்லி உறையில் போட்டு மூடினாள்.

மூடியது மூடியதுதான். வேட்டை தொடங்கும் முன் ஊரே மணல்குழிக்குப் போய், காகிதத்தில் மூன்று குண்டு சுட்டுக் குறியைச் சரிபார்க்கும். ‘காகிதத்துல சுடாம மான சுடாத’ என்று வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் இருபத்தொன்பது வருடம் சொன்னவள் இந்த வருடம் மட்டும் போகவில்லை. மெர்வின் கேட்டபோது, குடிலுக்கு வெல்லப்பாகு வைத்த ‘பை’ப் பலகாரம் சுட வேண்டும் என்றாள். சுட்டாள், ஆறு. உண்மை என்னவென்றால், அது கோணலாகச் சுட்டால் நெவினிடம் சொல்ல வேண்டியிருக்கும். சுடாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

வேட்டையின் முதல் நாள் காலை, வெளிச்சம் அரைகுறையாக இருந்தபோதே எண்பது அடி தூரத்தில் ஒரு கொம்பு மான் வந்து பக்கவாட்டில் நின்றது. படத்துக்கு நிற்பதுபோல நின்றது. ஆர்லீன் மூச்சைப் பாதி விட்டு, விசையை இழுத்தாள். மானுக்கு இடப்பக்கம் நின்ற மரத்தில் பட்டை தெறித்தது. மான் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போனது.

அவள் மரப்பரணிலிருந்து கீழே இறங்கி, நேராக நின்ற ஒரு மரத்துக்கு எதிரே குழலைத் தூக்கிப் பிடித்தாள். குறிமுனை வலப்பக்கமாக, குடித்தவன்போலச் சாய்ந்திருந்தது.

மதியம் குடிலில் விசாரணை. மேசையில் பீட்ரூட்டில் ஊறிய முட்டை, மான்கறி சாசேஜ், ஆர்லீன் சுட்ட பை. டெல்மர் கத்தரியை இடுப்புவாரில் தீட்டினான்.

“இருபத்தேழு வருஷமா இதுக்காகத்தான் கத்தரியத் தீட்டிட்டு இருந்தேன். எழுந்து வாங்க, மகாராணி!”

“குறிமுனை சாஞ்சிருக்கு, டெல்மர்.”

“ஆகா! மெர்வின், உன் அஞ்சு துண்டுக்கும் என்ன காரணம் சொன்ன?”

“காத்து, வெயில், தும்மல்” என்றான் மெர்வின். “ரெண்டுக்கு ஞாபகம் இல்ல.”

“துப்பாக்கி மேல பழி போடுறவங்களுக்கு ரெண்டு துண்டு வெட்டணும்னு புதுச் சட்டம் போட்டுடலாமா?”

நெவின் முட்டையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “அது புதுசு, ஆர்லீன். நான்தான் பாத்து எடுத்தேன்...”

அவள் இதோடு விட்டுவிட்டால் சட்டை மட்டும் போகும். நிரூபித்தால் அவன் முகம் வாடிப்போகும். ஆனால் அந்தக் கோணலை இன்னொரு முறை மூடி வைக்க அவளுக்கு மனமில்லை. எழுந்து, பை தீர்ந்த தகரத் தட்டையும் புதுத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஐம்பது அடி தள்ளி, பனிமேட்டுக்கு முன்னால் ஒரு வெட்டுமரத்தில் தட்டைச் சாத்தினாள்.

“மூணு பேரும் இந்தத் துப்பாக்கியால ஆளுக்கு ஒரு குண்டு சுடுங்க. யாராவது தட்டத் தொட்டா என் சட்டைய முழுசா கிழிச்சுக்கோங்க. யாரும் தொடலைன்னா உங்க மூணு பேர் சட்டையும்.”

“என் கண்ணு பருந்துக் கண்ணு” என்று டெல்மர் முன்னால் வந்தான்.

“பருந்து கண்ணாடிய உள்ள வச்சுட்டு வந்துடுச்சு” என்றான் மெர்வின்.

கண்ணாடி வந்தது. டெல்மர் சுட்டான். தட்டுக்கு இடப்பக்கம் பனி தூளாகப் பறந்தது. மெர்வின் சுட்டான். அதே இடத்தில் பனி பறந்தது. நெவின் உதட்டைக் கடித்துக்கொண்டு நிதானமாகச் சுட்டான். மூன்று ஓட்டைகளையும் ஒரு தொப்பியால் மூடிவிடலாம்.

“பாத்தீங்களா, துப்பாக்கிக்கு ஒழுக்கம் இருக்கு. தப்பு பண்ணாலும் ஒரே இடத்துல பண்ணுது” என்றான் மெர்வின்.

ஆர்லீன் வாங்கி, தட்டின் வலப்புறத்தில் வெறும் பனியைக் குறிவைத்துச் சுட்டாள். தட்டு ணங்கென்று எகிறி உருண்டது.

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டான். மெர்வின் சிரிக்கத் தொடங்கினான். அது மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. மூன்று ஆண்களும் பனியில் வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள்.

“மெதுவா வெட்டு, இது கல்யாணச் சட்டை” என்றான் டெல்மர்.

“யார் கல்யாணம்?” என்றாள் ஆர்லீன், கத்தரியைத் திறந்துகொண்டு.

“என்னோடதுதான், முதல் கல்யாணம்.”

“அப்போ தாராளமா வெட்டலாம்.”

மூன்றாவதாக நெவின் நின்றான். திரும்பாமலே சொன்னான்: “நான் பெட்டியத் திறந்து பாக்கவே இல்ல, ஆர்லீன். மேல இருந்த படத்தப் பாத்துட்டு வாங்கிட்டேன்.”

“நான் திறந்து பாத்தேன். விரல் தடுக்குச்சு. தெரிஞ்சும் மணல்குழிக்குப் போகல. உன்கிட்ட சொல்லப் பயந்தேன்” என்றாள். “உன்னைவிட என் தப்புதான் பெருசு. அந்த மானுக்கு எங்கயாவது அரைகுறையா பட்டிருந்தா?”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். “என்கிட்டயா பயம்? போன வாரம் கடைக்கு வந்தப்போகூட நான் கலக்குன பெயிண்ட் வாந்தி மாதிரி இருக்குன்னு சொன்னீங்க.”

“அது நீ எனக்குக் கொடுத்தது இல்லையே.”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கத்தரியைத் தலைகீழாகப் பிடித்து டெல்மரிடம் நீட்டி, முதுகைக் காட்டி நின்றாள்.

“நீதான் ஜெயிச்சுட்டியே!” என்றான் டெல்மர்.

“தட்டுல ஜெயிச்சேன். மான விட்டுட்டேன்ல? வெட்டு. நல்லா அகலமா வெட்டு.”

இருபத்தேழு வருடம் காத்திருந்த டெல்மர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெட்டினான். வெட்டிய துணி ஒரு மேசைத் துடைப்பான் அளவு வந்தது. ஆர்லீன் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதி, சன்னலுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தானே அறைந்தாள். சுவரில் இப்போது அறுபத்தேழு.

திங்கட்கிழமை துப்பாக்கியை அது வந்த பெட்டியிலேயே வைத்துத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பினாள். அது அவள் திருப்பி அனுப்பிய கடைசித் துப்பாக்கி. மற்றப் பாதித் துணியையும் உள்ளே மடித்து வைத்தாள். பை கொண்டுபோன அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து அதில் எழுதினாள்:

“இது என் சட்டை. உங்க கடைசி மேசைக்குப் பக்கத்துச் சுவத்துல அடிச்சு வைங்க. அந்த நாற்காலியில யாராவது உக்காந்தா, அவங்க பாக்கட்டும்.”

நெவின் அதைப் படித்துவிட்டு, கீழே தன் பெயரையும் போட்டான். பிறகு டெல்மரும் மெர்வினும் போட்டார்கள். டெல்மர் மட்டும் தன் பெயருக்குப் பக்கத்தில், ‘கல்யாணச் சட்டைக்கு நஷ்டஈடு எதிர்பார்க்கிறேன்’ என்று சேர்த்து எழுதினான்.