கடைசியாக ஏறும் தல

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போன எங்கள் கூட்டத்துக்கு 'ரூட்டு' என்று பெயர். ரூட்டுக்கு ஒரு தலைவன் உண்டு. அவனைத் 'தல' என்போம். போலீஸ்காரர்கள் எங்களை ரவுடிகள் என்றார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி அவர்களுக்குத் தெரியாது: நாங்கள் வரலாற்றுப் பைத்தியங்கள். வகுப்பில் எல்லாப் பாடத்திலும் அரியர் வைத்தவன்கூட ரூட்டின் வரலாற்றில் தடுமாற மாட்டான்.

முதல் வருடப் பையன்களுக்குப் பரனூர் தாண்டியதும் பரீட்சை ஆரம்பிக்கும். கேள்வி கேட்பது நான். முதல் தல எந்த ஊர்? யார் காலத்தில் கடைசிப் பெட்டி நம்முடையதானது? நம்ம கானாவுக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்தவன் யார்? கூடுவாஞ்சேரி வரும்வரை ஏன் நம்மில் யாரும் உட்காரக் கூடாது? பதில் தெரியாதவன் எல்லாருடைய பையையும் சுமக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான். தல ஏன் கடைசியாக ஏறுகிறான்?

அது எங்கள் வழக்கம். நாங்கள் எல்லாரும் ஏறிய பிறகும் தல பிளாட்பாரத்திலேயே நிற்பான். வண்டி நகரும். நாங்கள் பெட்டியின் தகரத்தைத் தட்டிக் கத்துவோம். அவன் ஓடிவந்து கம்பியைப் பிடித்து ஏறுவான். முதல் தல ஆரம்பித்து வைத்தது என்பார்கள். பையன்கள் சொல்ல வேண்டிய பதில்: "ஒருத்தனையும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். அந்த வயதில் எதற்குத்தான் புல்லரிக்கவில்லை.

என் நண்பன் படாளத்துக்காரன். விவசாயக் குடும்பம். காலையில் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வந்து எங்களோடு ரயில் ஏறுவான். மூன்றாம் வருடம் அவனைத் தல ஆக்கினோம். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

ஒரு மழைக்காலக் காலை. பிளாட்பாரம் ஈரமாக இருந்தது. வண்டி நகர்ந்தது, நாங்கள் தகரத்தைத் தட்டினோம். அவன் ஓடிவந்தான். கை கம்பியைப் பிடித்தது, கால் வழுக்கிவிட்டது. நாங்கள் தட்டிய சத்தத்தில் அவன் அலறியது எங்களுக்கே கேட்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் கேட்டான்: "மச்சான், அல்லாரும் ஏறிட்டீங்க இல்ல?"

அதோடு படிப்பு போயிற்று. பார்த்து வைத்திருந்த வேலை போயிற்று. போட்டுக்கொண்ட செயற்கைக் கால் வரப்பில் நிற்காது என்று கழனிப் பக்கமும் போவதில்லை. அவனிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு பதில்தான். ஒருத்தனையும் விட்டுவிட்டுப் போகாதவன் நான் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் சோறு தின்றான். வேறு எதற்காகத் தின்பான்?

வருடா வருடம் ரூட்டின் பழைய ஆட்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவோம். படகுகள் நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம், பிரியாணி, பழைய கதை. இந்த வருடம் முதல் முறையாக அந்த முதல் தல வந்தார். வழுக்கை, தொந்தி, மகளுக்குக் கல்லூரியில் இடம் தேடும் கவலை. நண்பன் அவரைப் பார்க்கவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மணலில் செயற்கைக் கால் புதைந்தது. நான் தோள் கொடுத்து நடத்திக் கூட்டிப்போனேன்.

"அண்ணாத்த, கடைசியா ஏறுற வழக்கத்த நீங்கதான ஆரம்பிச்சீங்க? இன்னா நெனச்சி ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டான்.

அவர் யோசித்தார். "வழக்கமா? நான் சீசன் டிக்கெட்டே எடுத்ததில்ல நைனா. டிடிஆர் எந்தப் பெட்டில ஏறுறாருன்னு பாத்துகினு நிப்பேன். அப்பால வேற பெட்டில தொத்திக்குவேன். அவ்ளோதான் மேட்டரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நண்பனும் சிரித்தான். அவர் அப்போதுதான் அவன் நடையைக் கவனித்து, "கால்ல இன்னாப்பா?" என்றார். "ஒரு ஆக்சிடென்ட்டு அண்ணாத்த" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பிரியாணி அண்டாவை அப்படியே கவிழ்த்திருப்பேன். யார் மேல் ஆத்திரப்படுவது? அந்த மனிதர் பொய்கூடச் சொல்லவில்லையே.

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவன் சொன்னான்: "இப்ப கீற பசங்ககிட்ட சொல்லிடணும் மச்சான். நாளைக்கே."

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான். வண்டி கிளம்புமுன் கடைசிப் பெட்டியில் எல்லாப் பையன்களையும் நிற்கவைத்து நடந்ததைச் சொன்னான். டிக்கெட் கதைக்குச் சிரித்தார்கள். கால் கதைக்கு அமைதியானார்கள். இப்போதைய தல, மீசை இன்னும் சரியாக முளைக்காத பையன், குனிந்து அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தொட்டது எந்தக் கால் என்றுகூடப் பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிப் பிளாட்பாரத்தில் போய் நின்றான்.

வண்டி நகர்ந்தது. நண்பன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறுடா! டேய், ஏறுடா!" என்று கத்தினான். தொண்டை கிழிந்தது. பையன்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தகரத்தைத் தட்டி, "ஏறுடா, ஏறுடா" என்று கூடவே கத்தினார்கள். அந்தப் பையன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறினான். நண்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கூடுவாஞ்சேரி இன்னும் வரவில்லை. யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவன் ஸ்டேஷன் பக்கம் வருவதில்லை. நான் வேலைக்கு அதே வண்டியில்தான் போகிறேன். தினமும் வண்டி நகரும்போது கடைசிப் பெட்டியிலிருந்து "ஏறுடா, ஏறுடா" என்று கேட்கிறது.

போன வாரம் அந்தப் பெட்டியில் ஏறும்படி ஆயிற்று. பரனூர் தாண்டியதும் பரீட்சை ஆரம்பித்தது.

"ஏறுடான்னு மொதல்ல கத்துனது யாரு?"

"கால் போன தல" என்றான் ஒரு முதல் வருடப் பையன், யோசிக்காமல்.

"எதுக்குக் கத்துனாரு?"

"ஓடியாற தலக்கி தெம்பு குடுக்க."

கரெக்ட் என்றார்கள். அவன் யாருடைய பையையும் சுமக்க வேண்டியிருக்கவில்லை.