இல்லாத சாவிக்குச் 'சரி' போட்டவள்

தெரிந்தேதான் பொய் எழுதினேன். கவனக்குறைவு என்று நீங்கள் எனக்காக வாதாட வேண்டாம்!

எண்பதுகளின் கடைசி. மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. இயந்திரங்கள் கம்பிவழியே ஒன்றோடொன்று பேசுவதற்கு ஆரோக்கியம் அண்ணன் நிரல் எழுதினார். அதைப் பகுதி பகுதியாகச் சோதிப்பவள் நான். ஒவ்வோர் இயந்திரத்தின் செய்தியையும் பூட்டித் திறக்க ஒரு சாவி, அதாவது ஒரு ரகசிய எண்; அந்தச் சாவிக்கு ஒரு பெயர். பெயரைக் கேட்டால் நிரல் தேடித் தர வேண்டும். அப்படியொரு சாவி இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். புதுச் சாவி உண்டாக்குவதற்குத் தனிக் கட்டளை இருந்தது.

"ரிப்போட்ல ரெண்டு பேரு பேரும் போடுவேன் தங்கச்சி, கவலப்படாதலா" என்றிருந்தார் ஆரோக்கியம் அண்ணன். நம்பினேன்... ஓராண்டு முழுக்க நம்பினேன்! மேலாளரிடம் போன தாளில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. பினாங்குக் கிளைக்கான பதவி உயர்வும் அவருக்கே. தங்கச்சி, தங்கச்சி என்றே கழுத்தறுத்துவிட்டார்.

அதே வாரம்தான் அந்தக் கோளாறைக் கண்டேன். இல்லாத ஒரு பெயரைக் கேட்டேன். நிரல் 'இல்லை' என்று சொல்லவில்லை. தானாகவே புதுச் சாவி ஒன்றைச் செய்து நீட்டியது. சோதனைத் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். படட்டும், பட்டால்தான் அவருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். நினைக்கையில் இனித்தது... அதை ஏன் மறைக்க வேண்டும்?

பட்டது அவரல்ல, புஷ்பம் அக்கா! என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரே அவர்தான். அவருடைய உற்பத்தி வரிசைப் பெண்கள் இயந்திரங்களுக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஏழாம் எண் இயந்திரம் அவர்களுக்குச் 'சின்னப்பொண்ணு'. அவசரத்தில் அக்கா அந்தப் பெயரையே கணினியில் தட்டிவிட்டார். நிரல் உடனே ஒரு புதுச் சாவியைச் செய்துகொண்டது. மறுமுனையில் அந்தச் சாவி இல்லாததால், அதைக்கொண்டு பூட்டிய ஒருநாள் வேலைப் பதிவுகளை அங்கே திறக்க முடியவில்லை. பெயரைத் தப்பாகத் தட்டியவர் என்று அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

வாசலில் என்னிடம் கேட்டார். "இல்லாத பேர அடிச்சா அது இல்லன்னு சொல்லணும்தானே? நீதானே டெஸ்ட் பண்ண?"

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுக்கா."

"அப்ப என் தப்புதான்லா."

என் சொல்லை நம்பினார்... ஆரோக்கியம் அண்ணனை நான் நம்பியதுபோலவே. அவர் செய்தது துரோகமென்றால், நான் செய்தது என்ன?

அக்கா தம் ஊரான புக்கிட் செலம்பாவுக்கே திரும்பி, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனார். பிறகொரு நாள் பாசார்ச் சந்தையில் எதிர்ப்பட்டார். தொழிற்சாலை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த மகளை என் முன்னால் நிறுத்தினார். "இந்தச் சித்தியப் பாத்துக் கத்துக்க. என்னய மாதிரி கவனமில்லாம இருந்துடாத" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் 'சரி' என்று தலையசைத்தேன்.